எஸ்டிமேட்டில் ஏறினால்தான் தெருவில் இறங்கும்: வடசென்னையில் எல்லோருக்குமான தெரு அமைக்க முழுமையான வழிகாட்டி

சட்டத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சாலையோர வியாபாரிகளுக்காக 2014-இல் மத்தியச் சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016-இல் உரிமைச் சட்டம் வந்தது. நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சியே 2014-இல் தனிக் கொள்கை வகுத்தது; போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கான வசதிக்குப் போக வேண்டும் என்கிறது அது. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023-இல் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கிவைக்கப்பட்டபோது 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. இத்தனைக்குப் பிறகும் தண்டையார்பேட்டையில் சக்கர நாற்காலியில் வருகிறவர் நடுரோட்டில்தான் போகிறார். காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு கிளம்பும் அம்மாவுக்குக் கூடையை இறக்கிவைக்க இடமில்லை.

தெருவில் எது வரும், எது வராது என்பதைச் சட்டப் புத்தகம் தீர்மானிப்பதில்லை. மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் தயாரிக்கும் எஸ்டிமேட்தான் தீர்மானிக்கிறது. அதில் ‘சரிவுப் பாதை, 14 எண்ணம், இன்ன அளவு’ என்று ஒரு வரி இருந்தால் ஒப்பந்ததாரர் போடுவார், அதிகாரி அளப்பார், எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் ஏறும், பணம் போகும். அந்த வரி இல்லையென்றால் கமிஷனரே நேரில் வந்து சொன்னாலும் ‘அடுத்த வேலையில் சேர்த்துக்கலாம் சார்’ என்பதுதான் பதிலாக இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி பேசுவது ஒரே வேலையைப் பற்றி: சட்டத்தில் இருப்பதை எஸ்டிமேட் வரியாக மாற்றுவது எப்படி? வார்டு குழு, பகுதி சபை உறுப்பினர்கள், வியாபாரிகள் சங்கங்கள், மாற்றுத்திறனாளி அமைப்புகள், புதிதாக மண்டலத்துக்கு வந்திருக்கும் பொறியாளர்கள் ஆகியோர் இதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டுக் காட்டுவதற்கு 12 மீட்டர் அகலம் உள்ள, பேருந்து போகாத, ஓர் ஓரத்தில் சந்தை கூடும் தெருவை எடுத்துக்கொள்வோம். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை எங்கே போனாலும் அப்படி ஒன்று உண்டு.

1. சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள்

மாநகராட்சியில் 15 மண்டலம், 200 வார்டு. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற முதல் ஆறு மண்டலங்களும் நம் பக்கம். ஆனால் மண்டலத்துக்குள் கிடக்கிற எல்லாச் சாலையும் மண்டலத்தின் கையில் இல்லை. உட்புறச் சாலைகள் மண்டலப் பொறியாளரிடம் இருக்கும். பேருந்து போகும் சாலைகள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் உள்ள தனித் துறையிடம் இருக்கும். சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடமோ தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடமோ இருக்கும். தவறான மேசையில் கொடுத்த மனு மாதக்கணக்கில் சுற்றிவிட்டு ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று திரும்பி வரும்.

ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள்: தரைக்கு மேல், தரை, தரைக்குக் கீழ், போக்குவரத்து. மேலே மின்வாரியத்தின் கம்பி, பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி), டிரான்ஸ்பார்மர், மாநகராட்சியின் தெருவிளக்கு. தரையில் மாநகராட்சியின் சாலை, பிளாட்பாரம், மழைநீர் வடிகால். கீழே மெட்ரோ வாட்டரின் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும், கேபிள்காரர்களின் டிரெஞ்சும். போக்குவரத்துக் கட்டத்தில் பேருந்து நிறுத்தம், பார்க்கிங், சிக்னல் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக அதிகாரியின் பதவியை எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஆள் மாறிக்கொண்டே இருப்பார். மெட்ரோ வாட்டரிடம் மட்டும் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது: அடுத்த இரண்டு ஆண்டில் இந்தத் தெருவில் குழாய் மாற்றும் திட்டம் இருக்கிறதா? புதுப் பிளாட்பாரம் போட்ட மூன்றாம் மாதம் தோண்டப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கேள்வி கேட்கப்படாததுதான்.

காலக்கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். அந்தக் காலத்தில் சாலை வெட்ட விட மாட்டார்கள். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வரும். ஆகவே ஆகஸ்டு, செப்டம்பரில் எண்ணிக்கையை முடித்து, ஆண்டு முடிவதற்குள் தீர்மானத்தைக் கையில் வைத்திருந்தால்தான் அது பட்ஜெட்டைத் தொடும். ஏப்ரலில் விழித்துக்கொண்டால் அடுத்த ஆண்டுதான்.

2. எண்ணும் நேரம் தவறினால் ஆளே காணாமல் போவார்

எண்ணிக்கை எடுப்பது எளிது என்று நினைத்துக் காலை 11 மணிக்கு நோட்டும் பேனாவுமாகக் கிளம்புகிறார்கள். வடசென்னையில் அந்த நேரத்தில் எண்ணினால் பாதி உலகம் தெரியாது. காசிமேட்டில் ஏலம் விடியும் முன்பே களைகட்டிவிடும். மீன் எடுக்கும் பெண்கள் வெளிச்சம் வருவதற்குள் கூடையோடு பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடுவார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கூட்டம் மாலையில்தான். தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பொங்கலுக்கு முன் அது பல மடங்காகும். ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றி நோயாளியோடு வந்தவர்கள் இரவில் படுக்கிறார்கள். எண்ணூர், மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை நிற்கும் நேரத்தில் சைக்கிள்காரருக்கு வழியே இருக்காது.

ஆகவே ஒரே தெருவை நான்கு வேளை எண்ணுங்கள்: விடியற்காலை 4 முதல் 6, பள்ளி நேரம் 8 முதல் 9.30, மாலை 6 முதல் 8, இரவு 10-க்கு மேல் ஒரு சுற்று. ஒரு வாரநாள், ஒரு ஞாயிறு என இரண்டு நாள். 100 மீட்டருக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் நடந்து போகிறவர்களை 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவார்: ஆண், பெண், குழந்தை, முதியவர், கோல் அல்லது சக்கர நாற்காலியோடு வருபவர் என்று பிரித்து. மற்றவர் நின்றிருப்பதை எண்ணுவார்: தள்ளுவண்டி, தரைக்கடை, கூடை, பெட்டிக்கடை, நிறுத்திய வண்டி, ஷேர் ஆட்டோ, படுத்திருக்கும் குடும்பம்.

சக்கர நாற்காலிக் கட்டத்தில் பூஜ்யம் விழுந்தால் ‘இங்கே தேவையில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். தெரு விடவில்லை, அதனால் அவர்கள் வெளியே வரவில்லை. அந்த எண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமல் வீடுகளிலிருந்து எடுங்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கும் நகர ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது மனப்பாடம். பெயரோ நோய் விவரமோ வேண்டியதில்லை. ‘இந்த 200 மீட்டருக்குள் இத்தனை பேர்’ என்ற எண்ணிக்கை மட்டும் போதும்.

தெருவின் படத்தையும் சேர்த்து வரையுங்கள். 50 மீட்டர் டேப், சாக்கட்டி, நீளமான வரைபடத் தாள் போதும். ஒவ்வொரு 5 மீட்டருக்கும் சுவரிலிருந்து சுவர் வரை அகலம், பிளாட்பாரத்தின் உயரம், கம்பம், மரம், மேன்ஹோல், வீட்டு வாசற்படி. அந்தக் காலத்தில் 12 மீட்டர் என்று பதிவான தெரு பல இடங்களில் 10.5 ஆகச் சுருங்கியிருக்கும். பழைய வரைபடத்தை நம்பிப் போட்ட எஸ்டிமேட் களத்தில் உடைவது இங்கேதான்.

3. தீர்மானத்தை எழுதும் விதம்

2022-க்குப் பிறகு தமிழக நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். பகுதி சபையில் அந்தப் பகுதி வாக்காளர் யாரும் உட்காரலாம். அங்கே ‘சாலையைச் சீரமைக்க வேண்டும்’ என்று தீர்மானம் போட்டால் பயனில்லை. தார் போட்டுவிட்டுச் சீரமைத்துவிட்டோம் என்பார்கள். தீர்மானத்தில் தெருப் பெயர், எங்கிருந்து எங்கே, எந்த ஓரம், எத்தனை எண்ணம் என்று வர வேண்டும். ‘இன்ன தெரு, கிழக்கு ஓரம், கோயில் முனையிலிருந்து ரேஷன் கடை வரை 180 மீட்டருக்கு 1.8 மீட்டர் தடையில்லாத நடைபாதை. 6 சரிவுப் பாதை. 24 வியாபாரிகளுக்கு எண்ணிட்ட இடம். 2 பில்லர் பாக்ஸ் இடமாற்றம்.’ இப்படி எழுதினால் உதவிப் பொறியாளர் அப்படியே எஸ்டிமேட்டுக்குக் கொண்டுபோகலாம். அவருக்கு வேலை மிச்சம். நமக்கும் அதுதான் வேண்டும்.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். மாலை 4 மணிக்கு வைத்தால் சொந்த வீட்டுக்காரப் பெரியவர்கள் நிரம்பிவிடுவார்கள். கடையை விட்டு வியாபாரி வர முடியாது, வேலைக்குப் போன பெண்ணும் வர முடியாது. ஞாயிறு இரவு 7.30, தரைத்தளம், குழந்தையை உட்காரவைக்க ஒரு பாய் என்று ஏற்பாடு செய்தால் கூட்டத்தின் முகமே மாறும்.

4. குறுக்குவெட்டு: 12 மீட்டரைப் பங்கு போடுவது

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. இந்தியச் சாலை மாநாட்டின் ஐ.ஆர்.சி. 103 என்ற நெறிமுறைப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் அளவு. தலைக்கு மேல் 2.2 மீட்டருக்குப் போர்டோ கிளையோ தொங்கக் கூடாது. சுவரை ஒட்டி அரை மீட்டர் செத்த இடமாகப் போகும்; படிக்கட்டு, ஜன்னல் ஓரம், கடைச் சாமான் எல்லாம் அதில்தான் விழும்.

வியாபாரிக்கு எவ்வளவு? தள்ளுவண்டி ஏறத்தாழ 4 அடிக்கு 6 அடி. நீளவாக்கில் நிறுத்தினால் 1.2 மீட்டர் ஆழம். பலர் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள், தவறு அங்கேதான் நடக்கிறது. வாங்குகிறவர் எங்கே நிற்பார்? அவருக்கு 0.6 மீட்டர் வேண்டும். அதை விடாவிட்டால் அவர் நடைபாதையில் நிற்பார், 1.8 என்பது 1.2 ஆகும், ஆறு மாதத்தில் ‘வியாபாரிகளால் இடைஞ்சல்’ என்று புகார் போகும். அவர் சாலைப் பக்கம் நின்று வாங்கும்படி வண்டியைத் திருப்பினாலோ பைக் இடிக்கும்.

ஆக, சந்தை ஓரத்தில் 0.5 + 1.8 + 1.8 = 4.1 மீட்டர். எதிர் ஓரத்தில் 0.5 + 1.8 = 2.3. மொத்தம் 6.4. மிச்சம் 5.6 மீட்டர். பேருந்து போகாத தெருவுக்கு அது தாராளம். இரண்டு ஆட்டோ நெருக்கமில்லாமல் கடக்கும், ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் போகும். போகாதது ஒன்றுதான்: இரண்டு ஓரமும் கார் நிறுத்துவது. எதிர்ப்பு அங்கிருந்துதான் கிளம்பும், வியாபாரியைக் காரணம் காட்டி. எனவே பார்க்கிங் கணக்கைக் கூட்டத்தில் முதலிலேயே வெளிப்படையாகப் போட்டுவிடுங்கள்: ஒரு கார் நிற்கும் 5 மீட்டர் நீளத்தில் இரண்டு குடும்பம் பிழைக்கிறது. 10 மீட்டருக்குக் குறைந்த தெருவில் இந்தப் பங்கு நடக்காது. ஒருவழிப் பாதையாக்குவதோ, பிளாட்பாரமே இல்லாமல் முழுத் தெருவையும் ஒரே மட்டத்தில் கல் பாவி வேகத்தைக் குறைப்பதோதான் வழி.

100 மீட்டரில் எத்தனை வண்டி நிற்கும்? வண்டி 1.8 மீட்டர், இடைவெளி 0.9, ஆக 2.7, கணக்குப்படி 37. வீட்டு வாசல், தெரு முனையில் இரு பக்கமும் 5 மீட்டர், மேன்ஹோல், மரம் எல்லாம் கழித்தால் 20 முதல் 25. தீர்மானத்தில் போடவேண்டியது இந்த எண்ணைத்தான்.

5. வடிகால் மூடிதான் பிளாட்பாரம்

சென்னையில் பல தெருக்களில் பிளாட்பாரம் என்று தனியாக ஒன்று கிடையாது. மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் அது. ஆகவே வடிகாலின் மேல்மட்டத்தை முடிவு செய்கிறவர்தான், தெரிந்தோ தெரியாமலோ, சக்கர நாற்காலி போகுமா போகாதா என்பதையும் முடிவு செய்கிறார். கோசஸ்தலையாற்று வடிநிலத்தில் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் வடிகால் வேலை நடந்த தெருக்களில் இதைப் போய்ப் பார்க்கலாம்: மூடி சாலையைவிட ஒரு முழ உயரம், வீட்டு வாசல் அதற்கும் கீழே.

விதி என்ன? கெர்ப், அதாவது நடைபாதையின் ஓரக் கல், உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. சரிவுப் பாதை 12-க்கு 1: ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம். 15 செ.மீ. ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். நடைபாதையின் அகலமே 1.8 மீட்டர்தானே? சரிவை அகலவாக்கில் போட்டால் நடைபாதை முழுவதும் சாய்ந்துவிடும். நேராகப் போகிறவர் தடுமாறுவார். ஒப்பந்ததாரர்கள் இதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழி, 60 செ.மீ. நீளத்தில் செங்குத்தாக ஒரு சரிவு. அது பைக் ஏறுவதற்குத்தான் உதவும். சரியான வழி மூன்று. கெர்ப்பை 10 செ.மீ. ஆக்கலாம், சரிவு 1.2 மீட்டரில் முடியும். முனையில் நடைபாதை முழுவதையும் நீளவாக்கில் மெதுவாக இறக்கலாம். அல்லது நடைபாதையை இறக்காமல் கடக்கும் இடத்தில் சாலையையே மேடாக்கலாம். பள்ளிக்கூட வாசலுக்கு மூன்றாவதே சிறந்தது, வண்டியும் வேகம் குறைக்கும்.

வீட்டுக் கார் ஏறும் இடங்களில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. ஒவ்வொரு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டி இறக்குகிறார்கள். நடக்கிறவர் 20 மீட்டருக்கு ஒரு தடவை ஏறி இறங்குவார். நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். கார் ஏறும் சரிவு சாலை ஓரத்து 0.6 மீட்டருக்குள் முடிய வேண்டும்.

தார் போடுவதற்கு முன் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுக்கும் மில்லிங் வரியை எஸ்டிமேட்டில் தேடிப் பாருங்கள். அது இல்லாமல் தார் மேல் தார் போட்டதால்தான் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் பழைய வீடுகள் குழிக்குள் போயிருக்கின்றன. மழைக்குத் தண்ணீர் முதலில் அங்கேதான் நுழைகிறது.

பார்வையற்றவர் காலாலும் கோலாலும் தொட்டு வழியறியும் தொடுதள ஓடு பற்றி ஒரு எச்சரிக்கை. கோடு போட்ட ஓடு ‘இப்படிப் போ’ என்கிறது. புள்ளி போட்ட ஓடு ‘நில், கவனி’ என்கிறது. இரண்டும் 30 செ.மீ. சதுரம். அழகுக்காகப் புள்ளி ஓட்டையே நெடுக ஒட்டினால் பார்வையற்றவருக்கு அது பொருளற்ற சத்தம். கோடு நேராக மின்கம்பத்தில் போய் முட்டுவதையும் பார்க்கலாம். கம்பம் வரும் இடத்தில் ஓட்டைத் திருப்ப வேண்டும், இரு பக்கமும் 60 செ.மீ. காலியாக விட வேண்டும். வடிகால் சல்லடையின் இடைவெளி 12 மி.மீ.க்கு மேல் போனால் கோலின் நுனியும் சக்கரமும் சிக்கும். பைக்கைத் தடுக்க நடும் குட்டைக் கம்பங்களுக்கிடையில் ஒரு இடைவெளியாவது 90 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அதில் பைக் நுழையும்தான், அதற்குச் சக்கர நாற்காலியைத் தண்டிக்க முடியாது.

6. வியாபாரிகள்: சட்டம் சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள்

2014 சட்டத்தின் வரிசை தெளிவானது. முதலில் கணக்கெடுப்பு, பிறகு சான்றிதழ், பிறகு திட்டம், கடைசியில் இடமாற்றம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. சிக்கல் எல்லாம் இந்த வரிசை தலைகீழாவதால்தான் வருகிறது: சாலை வேலைக்காக முதலில் அகற்றிவிட்டு, பிறகு காலி இடத்தைக் கணக்கெடுப்பார்கள்.

இதே சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். ஒரு வார்டின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம். 40,000 பேர் உள்ள வார்டில் 1,000 பேர். ‘இடமே இல்லை’ என்று சொல்பவரிடம் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுங்கள்.

கணக்கெடுப்பில் தவறுகிறவர்கள் பெரும்பாலும் நடமாடும் வியாபாரிகள். கூடைக்கார மீன் அம்மா, பூ விற்பவர், மாலை மட்டும் சுண்டல் போடுபவர். ஓரிடத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் சான்றிதழ் என்று அவர்களிடமே சிலர் சொல்லியனுப்புகிறார்கள். அது சரியல்ல, நடமாடும் வியாபாரி என்ற வகை சட்டத்திலேயே இருக்கிறது. ஆதார், ரேஷன் அட்டை நகல், இரண்டு படம், வியாபாரம் செய்யும் இடத்தில் எடுத்த ஒரு செல்போன் படம் ஆகியவற்றைக் கூடைக்குள் பாலித்தீன் உறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஒரே இடத்தை இருவர் பகிர்வதையும் சட்டம் அனுமதிக்கிறது. காலை மீன், மாலை பஜ்ஜி. காகிதத்தில் அழகாக இருக்கும். தெருவில் அது நிற்பது தண்ணீரைப் பொறுத்தது: மீன் கழுவிய இடத்தை அலசக் குழாயும் ஓடும் தரைச் சரிவும் இல்லையென்றால் மாலைக்காரர் ஒரு வாரம்கூட இருக்க மாட்டார். ஆகவே பகிர்வு இடத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு, சல்லடை வடிகட்டி என்று மூன்று வரி எஸ்டிமேட்டில் சேர வேண்டும். அந்த நீரை மழைநீர் வடிகாலில் விடக் கூடாது.

இடம் மாற்றியே தீர வேண்டும் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு சட்டப்படி கட்டாயம். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டு வரும்போது கெடக்கூடிய பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். புது இடம் பழைய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தைத் தாண்டினால் வாடிக்கை போய்விடும். பின் சந்தில் அழகாகக் கட்டிய விற்பனை வளாகங்கள் ஈயடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். வியாபாரி ஆள் நடமாட்டத்தைத்தான் விற்கிறார், காய்கறி அதற்குப் பிறகுதான்.

7. கழிப்பறை, நிறுத்தம், விளக்கு

கழிப்பறைக்குத் தூய்மை இந்தியா திட்டத்தின் அளவுகோல் இருக்கிறது. குடியிருப்புக்கான சமுதாயக் கழிப்பறையில் 35 ஆணுக்கு ஒன்று, 25 பெண்ணுக்கு ஒன்று. வீட்டில் கழிப்பறை இல்லாத 600 பேர் உள்ள பகுதியில், ஆண் பெண் சரிபாதி என்றால், ஆணுக்கு 9, பெண்ணுக்கு 12. ‘ரெண்டு பக்கமும் சமமா பத்து பத்து போடுங்க’ என்பது நியாயமாகத் தோன்றும். காலையில் வரிசையில் நிற்பது பெண்கள்தான். மாற்றுத்திறனாளிக் கழிப்பறையில் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம், 90 செ.மீ. திறப்பு, வெளிப்புறம் திறக்கும் அல்லது நகரும் கதவு, 45 முதல் 48 செ.மீ. உயர இருக்கை. கட்டிய பிறகு அதை விளக்குமாறு வைக்கும் அறையாக்கிப் பூட்டிவிடுவது வழக்கம். பராமரிப்பாளருக்குத் தனி ஸ்டோர் அறை வரைபடத்திலேயே இருந்தால் அது நடக்காது. திருநர் எந்தப் பக்கம் போவது என்ற சண்டைக்கும் எளிய வழி உண்டு: பொது முற்றத்திலிருந்து நேராகத் திறக்கும் தனி அறைகள் இரண்டு.

பேருந்து நிறுத்தம் வேறு தெருவில் இருந்தாலும் அதுவரை போகும் வழி நம் கணக்கில்தான் வரும். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பேருந்து தாழ்ந்தாலும் அது கெர்பை ஒட்டி நின்றால்தான் சாய்தளம் விரியும். நிறுத்தத்தை ஷேர் ஆட்டோ அடைத்திருந்தால் பேருந்து நடுச்சாலையில் நிற்கும், எல்லாம் வீண். ஆகவே நிறுத்தத்துக்கு எஸ்டிமேட் போடும்போது, அதற்கு முன்னால் 20 மீட்டர் தள்ளி ஷேர் ஆட்டோவுக்கு ஓர் ஒதுக்கிடமும் சேர்த்துப் போடுங்கள். விரட்டினால் போக மாட்டார்கள். இடம் கொடுத்தால் போவார்கள்.

விளக்கில் ஒரு விஷயம் மட்டும்: உயரக் கம்பம் சாலைக்கு வெளிச்சம் தரும், மரத்தடிப் பிளாட்பாரம் இருட்டாகவே இருக்கும். நடைபாதைக்குத் தனியாக 4 முதல் 5 மீட்டர் உயரத்தில் விளக்கு கேளுங்கள். எங்கே வேண்டும் என்பதை இரவு 9 மணிக்குப் பெண்களோடு நடந்து குறித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியிலேயே ‘ஜெண்டர் அண்ட் பாலிசி லேப்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.

8. பிளாட்பாரத்திலேயே வாழ்பவர்கள்

ராயபுரம் மண்டலத்தில், பாரிமுனையைச் சுற்றி, தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் வாழும் குடும்பங்கள் உண்டு. நடைபாதை அழகாகும்போது முதலில் துரத்தப்படுவது அவர்கள்தான். டெண்டருக்கு முன் அவர்களைத் தனிப் பட்டியலாக எடுக்க வேண்டும்: குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், பிள்ளைகள் எந்தப் பள்ளி, வேலை எங்கே, ரேஷன் அட்டை உண்டா. லட்சம் பேருக்கு ஒரு 24 மணி நேரக் காப்பகம் என்பது உச்ச நீதிமன்றம் 2010-இல் வைத்த அளவு. ஆளுக்கு 50 சதுர அடி என்பது மத்திய அரசின் காப்பகத் திட்டம் வைத்த அளவு. ஆனால் காப்பகங்கள் பெரும்பாலும் தனி ஆணுக்கோ தனிப் பெண்ணுக்கோ. கணவன், மனைவி, மூன்று பிள்ளை உள்ள குடும்பம் அதில் சேராது. அவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுதான் தீர்வு, அதுவும் வடசென்னையிலேயே. நகரின் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கத்தில் கொடுத்தால், துறைமுகத்திலும் கொத்தவால்சாவடியிலும் கூலி வேலை செய்பவர் பேருந்துக்கே கூலியில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, சில மாதத்தில் பழைய பிளாட்பாரத்துக்கே திரும்புவார்.

குடிசைப் பகுதியாக இருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள்: 1971 குடிசைப் பகுதிச் சட்டப்படி அது அறிவிக்கப்பட்ட பகுதியா? அந்த ஆண்டில் 1,202, பிறகு 1985-இல் 17 என்று அறிவித்ததோடு பட்டியல் நின்றுபோனது. அறிவிப்பில் இல்லாத இடங்களில் அகற்றுவதும் எளிது, வசதி மறுப்பதும் எளிது. அங்கே ஒவ்வொரு வரியையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

9. எஸ்டிமேட்டில் தேட வேண்டிய வரிகள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எஸ்டிமேட், வரைபடம் இரண்டின் நகலையும் கேளுங்கள். 30 நாளில் வர வேண்டும். வந்ததும் இவற்றைத் தேடுங்கள்:

- சரிவுப் பாதை: எண்ணம், நீளம், சரிவு விகிதம். ‘தேவையான இடங்களில்’ என்ற சொல் இருந்தால் அடித்துவிட்டு எண்ணைக் கேளுங்கள்.
- கோடு ஓடு, புள்ளி ஓடு: தனித்தனியாக மீட்டர் கணக்கு.
- பில்லர் பாக்ஸ், கம்பம் இடமாற்றம்: மின்வாரியத்துக்குக் கட்டும் டெபாசிட் தொகை. இது இல்லாவிட்டால் 1.8 மீட்டர் நடைபாதை நடுவில் பெட்டி நிற்கும்.
- வியாபாரி இடத்துக்குத் தரைக்கோடு, எண், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, குப்பைத் தொட்டி.
- வேலை நடக்கும்போது தற்காலிக நடைபாதை, தடுப்பு, இரவு விளக்கு.
- மில்லிங்.

மொத்தத் தொகையாக, அளவில்லாமல் ‘எல்.எஸ்.’ என்று போட்டிருக்கும் வரிகள் மேல் ஒரு கண் இருக்கட்டும். பணம் பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டுவது அவற்றைத்தான். சரிவுப் பாதையும் தொடுதள ஓடும் அப்படி வைக்கப்பட்டிருந்தால் அவை வராது என்றே வைத்துக்கொள்ளலாம். டெண்டர் விளம்பரம் வந்துவிட்டால் வரி சேர்ப்பது மிகக் கடினம். எனவே இந்தச் சோதனை நிர்வாக ஒப்புதலுக்கு முன்பே முடிய வேண்டும்.

10. வேலை நடக்கும்போதும் முடிந்த பிறகும்

தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்ட விடாதீர்கள். 100 மீட்டர் தோண்டி, மூடி, அடுத்த 100 என்று ஒப்பந்த நிபந்தனையிலேயே எழுத வேண்டும். முதல் பகுதி வியாபாரிகள் மூன்றாம் பகுதிக்குத் தற்காலிகமாக நகர்வார்கள். தெருவைவிட்டே போக வேண்டியதில்லை. மொத்தமாகத் தோண்டி மழைக்கு மாட்டிக்கொண்ட தெருவில், திறந்த வடிகாலுக்கு மேல் பலகை போட்டு நடக்கும் பாட்டிகளை ஒவ்வொரு அக்டோபரிலும் பார்க்கிறோம்.

முதல் 20 மீட்டர் முடிந்ததும் வேலையை நிறுத்திச் சோதியுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர், கோலோடு நடக்கும் பார்வையற்றவர் ஒருவர், தலையில் கூடை வைத்த அம்மா ஒருவர், குழந்தை வண்டி தள்ளுபவர் ஒருவர். அவர்களின் நாள் கூலியைக் கொடுத்தே கூப்பிடுங்கள். சரிவை அளக்க ஒரு மீட்டர் மட்டப்பலகை போதும்: ஒரு முனை தரையைத் தொட, மறுமுனையில் உயரும் இடைவெளி 8.3 செ.மீ.க்கு மேல் போனால் சரிவு செங்குத்து. இந்தக் கட்டத்தில் திருத்துவது இரண்டு நாள் வேலை. 180 மீட்டரும் முடிந்த பிறகு யாரும் உடைக்க மாட்டார்கள்.

எம்-புக்கில் அளவு எழுதும் நாளில் வார்டு குழுவிலிருந்து ஒருவர் உடன் நில்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் காகித நகல் மட்டுமல்ல, நடக்கும் வேலையை நேரில் பார்க்கவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. இதைக் கேட்பவர் அபூர்வம். கேட்டால் வேலையின் தரம் அன்றே ஒரு படி ஏறும்.

முடிந்த மூன்றாம் மாதம், முதல் மழைக்குப் பிறகு ஒரு தடவை, குறைதீர் காலம் (பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிவதற்கு இரண்டு மாதம் முன் ஒரு தடவை என அதே நான்கு வேளை எண்ணிக்கையைத் திரும்ப எடுங்கள். உடைந்த ஓடு, உட்கார்ந்துபோன மூடி, அடைந்த சல்லடை எல்லாவற்றையும் படத்தோடு மாநகராட்சியின் 1913 உதவி எண்ணில் பதிந்து புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களின் பட்டியலை மண்டலச் செயற்பொறியாளருக்குக் கடிதமாக அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையை விடுவிக்கும் கோப்பில் அந்தக் கடிதம் சேர்ந்துவிட்டால், உடைந்த ஓடுகளை மாற்றாமல் பணம் நகர்வது கடினம்.